கடலுக்குப் போகும் முன்... கரையில் ஒரு தாள்!

விசைப்படகு உரிமையாளரும் தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு விதிகள்

‘மழை ஏமாற்றிவிட்டது. பையன் போட்டுக்குப் போகிறேன் என்கிறான், அனுப்பலாமா?’ ‘மச்சானோடு சேர்ந்து பழைய விசைப்படகு ஒன்றில் பங்கு போடலாம் என்று இருக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?’

கடலோர மாவட்டங்களில் விவசாயக் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால், இந்த இரண்டு கேள்விகளும் அடிக்கடி வந்துவிடும். முதல் கேள்வி உயிரைப் பற்றியது. இரண்டாவது, முதலைப் பற்றியது. ஆனால், இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் பையனையும் அனுப்பலாம், பணத்தையும் போடலாம். அது சரியில்லை என்றால், இன்ஜின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம்.

மீன்பிடித் தொழில், உலகிலேயே ஆபத்தான தொழில்களில் ஒன்று. ஆண்டுக்கு 24,000 பேர் இந்தத் தொழிலில் இறக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999-ம் ஆண்டிலேயே மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு, சிறிய படகுகளில் போகிறவர்கள். புயலைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால், புயலில் படகு மாட்டிக்கொள்வதையும், மாட்டியவரைத் தேட ஆள் இல்லாமல் போவதையும் பெருமளவு தடுக்க முடியும்.

ஒகி சொல்லிக்கொடுத்த கணக்கு!

2017 நவம்பர் 29-ம் தேதி காலையில், இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் இருந்தது. மறுநாள் 30-ம் தேதி முற்பகலில் அதுவே குமரிக் கடலில் ஒகி புயலாக மாறிவிட்டது. இடையில் இருந்தது ஏறத்தாழ ஒரே நாள்.

இப்போது படகின் கணக்கைப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி தொடங்கி வள்ளவிளை, தூத்தூர், இரயுமன்துறை வரையுள்ள ஊர்கள், சுறாவும் சூரையும் தேடி வெகுதூரம் ஆழ்கடலுக்குப் போவதில் பெயர் பெற்றவை. படகு மணிக்கு 7 கடல் மைல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். கரையில் இருந்து 200 கடல் மைல் தூரத்தில் இருக்கும் படகு திரும்பி வர 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாழ்வு மண்டலம் என்று தெரிந்த நிமிடமே திருப்பியிருந்தாலும், கரை சேரும் முன் புயல் வந்திருக்கும். அந்தத் தகவலும் படகுக்குப் போய்ச் சேர வழி இல்லை. அப்போது பல படகுகளில் இருந்தது, சுமார் 20 கடல் மைல் வரை எட்டக்கூடிய வி.எச்.எஃப். ஒயர்லெஸ் மட்டும்தான்.

நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். கவிழ்ந்த படகையும் காலிக் கேனையும் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து தப்பியவர்களும் உண்டு. கரையில் இன்னொரு வேதனை நடந்தது. மொத்தம் எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள், எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பதற்கு முழுமையான பட்டியல் யாரிடமும் இல்லை. பங்குத் தந்தைகளும் ஊர்க்காரர்களும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். அரசு சொன்ன எண்ணிக்கை வேறு, ஊர் சொன்ன எண்ணிக்கை வேறு என்று வாரக்கணக்கில் இழுத்தது. எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான், தேடலை எப்போது நிறுத்தலாம் என்றும் தெரியும்.

உடல் கிடைக்காதவர்களின் குடும்பத்துக்கு அதற்குப் பிறகும் சிக்கல். ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் தகவல் இல்லை என்றால்தான், அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒகி விஷயத்தில் அரசு அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லாமல் நிவாரணம் கொடுத்தது. ஆனால், ஒற்றைப் படகு ஒன்று காணாமல் போகும்போது எல்லோருக்கும் அப்படி நடந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்த மனிதர் அந்தப் படகில்தான் போனார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டிவரும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007-ம் ஆண்டு, மீன்பிடித் தொழிலுக்கென்று தனியாக ஓர் உடன்படிக்கை கொண்டு வந்தது. அதன் எண் 188. அது நடைமுறைக்கு வந்த நாள் 2017 நவம்பர் 16. அதாவது, ஒகி புயல் அடிப்பதற்குச் சரியாக 14 நாள்களுக்கு முன்பு. இந்தியா இதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஆசியாவில் முதலில் ஏற்ற நாடு தாய்லாந்து. ஆனால், அதில் உள்ள விதிகளைப் பின்பற்ற நம் ஊர் உரிமையாளருக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

அதில் ஒரு விதி, ‘ஒவ்வொரு படகிலும் ஆள் பட்டியல் இருக்க வேண்டும். அதன் நகல், படகு கிளம்பும் முன் கரையில் இருக்கும் பொறுப்பானவரிடம் போக வேண்டும். அல்லது கிளம்பியவுடன் தெரிவிக்கப்பட வேண்டும்’ என்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பு இது. நம் ஊரில் மீன்வளத்துறையில் டோக்கன் வாங்கும் பழக்கம் பல துறைமுகங்களில் உண்டு. ஆனால், கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போவார். துறைமுகத்தில் நிற்கும் இன்னொருவரை ஏற்றிக்கொள்வார்கள். தாளில் பழைய பெயரே இருக்கும். விபத்து நடந்தால், வீட்டில் இருப்பவரைக் கடலில் தேடுவார்கள். கடலில் இருப்பவரைத் தேட ஆள் இருக்காது.

அதனால், தாளைக் கயிறு அவிழ்க்கும் நேரத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், அடையாள அட்டை எண், வீட்டில் ஒருவரின் செல்போன் எண், ரத்த வகை, எந்தத் திசையில் எத்தனை கடல் மைல் போகத் திட்டம், எந்த நாளில் திரும்புவார்கள், எத்தனை நாளுக்கு டீசலும் தண்ணீரும் இருக்கிறது ஆகியவை இருந்தால் போதும். ஒரு நகல் உரிமையாளர் வீட்டில், ஒரு நகல் சங்கத்தில். செல்போனில் படம் எடுத்து அனுப்பினாலும் சரிதான். ஒடிசா, வங்காளம், அசாம் பக்கம் இருந்து வந்து வேலை செய்பவர்கள் இப்போது படகுகளில் அதிகம். அவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். அவர்கள் வீட்டு வாசலில் போய்ப் பெயர் எழுத, இங்கே ஊர் கிடையாது.

படகில் யார் யார் இருக்க வேண்டும்?

குமரி மேற்கில் ஸ்ராங்கு என்பார்கள். வடக்கே போனால் டிரைவர் என்பார்கள். படகின் தலைவர் அவர்தான். அவருக்கு அடுத்து இன்ஜினைத் தெரிந்தவர் ஒருவர். பிறகு வலை இழுக்கவும், மீன் பிரிக்கவும், ஐஸ் போடவும் தொழிலாளர்கள். ஒருநாள் படகில் ஐந்தாறு பேர் போவார்கள். நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் ஆழ்கடல் படகில் பத்துப் பேருக்கு மேலும் இருப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, படகை ஓட்டத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேராவது இருக்கிறார்களா என்பதுதான். ஸ்ராங்குக்கு நெஞ்சுவலி வந்தால், அடுத்து வீல் பிடிக்கவும் ஒயர்லெஸில் பேசவும் ஒருவர் வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் இருக்கும் எண்களை வாசித்து, தான் இருக்கும் இடத்தைச் சொல்ல அவருக்குத் தெரிய வேண்டும். எண்ணைச் சொல்லத் தெரியாவிட்டால், உதவிக்கு வரும் கப்பல் எங்கே வரும்?

சர்வதேச விதி ஒன்று உண்டு. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள மீன்பிடிக் கப்பல்களில் தலைவருக்கும் இன்ஜினியருக்கும் பயிற்சியும் தகுதிச் சான்றிதழும் வேண்டும் என்பது அது. 1995-ல் உருவாகி 2012-ல் நடைமுறைக்கு வந்தது. நம் கரையில் கட்டியிருக்கும் விசைப்படகுகளில் பெரும்பாலானவை 24 மீட்டருக்குக் குறைந்தவை. இந்த விதி அவற்றுக்குப் பொருந்தாது. அப்பாவிடமும் மாமாவிடமும் கற்றுக்கொண்டதுதான் நம் ஆட்களின் சான்றிதழ். காற்றின் வாசம், நீரோட்டம், நட்சத்திரம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால், தீயணைப்பான் பிடிக்கவும், மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கவும் பரம்பரை அறிவு போதாது, பயிற்சி வேண்டும்.

அதற்கு இடம் இருக்கிறது. மீன்பிடிக் கப்பல் ஓட்டுநர், இன்ஜின் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் ‘சிஃப்நெட்’. 1963-ல் கொச்சியில் தொடங்கப்பட்டது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உள்ளன. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கடல் தொழிலில் ஆர்வமாக இருக்கும் பையன் வீட்டில் இருந்தால், நேரே படகில் ஏற்றும் முன் இங்கே விசாரியுங்கள். மாலுமிப் படிப்பு ஒன்றும், கப்பல் ஃபிட்டர் படிப்பு ஒன்றும் உண்டு. பிறகு அனுபவமும் தேர்வும் சேர்ந்தால் தகுதிச் சான்றிதழ் வரை போகலாம்.

‘இன்னும் ஒரு வலை!’

188-ம் உடன்படிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. படகில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காகப் படகின் தலைவர் எடுக்கும் முடிவில் உரிமையாளர் குறுக்கிடக் கூடாது என்பது அது.

ஏன் இப்படி ஒரு வரி? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்துப் பெரும் தொகை போட்டுத்தான் படகு கிளம்புகிறது. மூன்றாவது நாள் எச்சரிக்கை வருகிறது. கிடங்கு பாதிதான் நிறைந்திருக்கிறது. இப்போது திரும்பினால் பங்கு பிரிக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த நேரத்தில் கரையில் இருந்து, ‘இன்னும் ஒரு வலை இழுத்துட்டு வந்துடுங்கண்ணே’ என்று ஒரு குரல் போனால், எந்த ஸ்ராங்குக்கும் மனசு ஆடும். அறுவடை நேரத்தில் மேகம் திரண்டால் இன்னும் ஒரு சால் அறுத்துவிடலாமே என்று நினைக்கிறோம் இல்லையா, அதுபோலத்தான். வித்தியாசம், வயலில் நெல் நனையும். கடலில் ஆள் போய்விடும்.

ஆகவே, எச்சரிக்கை வந்தால் யாரையும் கேட்காமல் திரும்பலாம் என்றும், அந்த நஷ்டம் யார் தலையில் என்றும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தொழிலாளிக்கும் உரிமையாளருக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையின் விதிதான். பங்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் வந்துவிடும்.

தூக்கத்தையும் பாருங்கள். மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகில், ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்கிறது உடன்படிக்கை. நம் படகுகளில், வலையை விட்டு இழுக்கும் இடைவெளியில் குட்டித் தூக்கம் போடுவதுதான் வழக்கம். இரவு முழுக்க ஒரே ஆள் வீல் பிடித்தால், விடியற்காலையில் கண் சொக்கும். கப்பல்கள் போகும் பாதையில் அந்தச் சொக்கல் போதும்.

2018 ஆகஸ்டில், கேரளாவின் முனம்பத்தில் இருந்து தொழிலுக்குப் போன விசைப்படகு மீது கப்பல் மோதிப் பல உயிர்கள் போயின. அதில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் குமரி மாவட்டக்காரர்கள். பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. வேகம் தணிந்து நிற்பதற்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும். எனவே, நம் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும். இரவில் விளக்கு முறை இதுதான்: படகின் வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு, பின்புறம் வெள்ளை. இழுவலை போடும்போது உச்சியில் பச்சை, அதன் கீழே வெள்ளை. மற்ற வலை என்றால், உச்சியில் சிவப்பு, கீழே வெள்ளை. பேட்டரியை மிச்சம் பிடிக்க விளக்கை அணைப்பது கூடவே கூடாது. நங்கூரம் போட்டு எல்லோரும் தூங்கும்போதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

டெக்கில் காத்திருக்கும் மூன்று ஆபத்துகள்!

புயல் எப்போதாவதுதான் வரும். தினசரி ஆபத்து டெக்கிலேயே இருக்கிறது.

முதலாவது, வின்ச். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் வேட்டியோ துண்டோ சிக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். வலை இழுக்கும் வின்ச்சும் அப்படித்தான். தளர்ந்த லுங்கி, கழுத்துத் துண்டு, விரலில் மோதிரம் எதுவும் கூடாது. சுழலும் பகுதிக்குத் தடுப்புக் கூடு வேண்டும். உடனே நிறுத்தும் வசதி, இயக்குபவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இழுவையில் இருக்கும் கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும்.

இரண்டாவது, மீன் கிடங்கு. பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்கி, விஷவாயு தாக்கி ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழுந்த செய்திகளைப் படித்திருப்போம். மீன் கழிவு அழுகிய கிடங்கிலும் அதே விஷவாயு, ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதனால், ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைக்கக் கூடாது. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இதற்கு உதவாது. வாயு தீப்பிடிக்கும் என்பதால், அது ஆபத்தும்கூட. மூடியைத் திறந்து, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அடுத்தவர் குதிக்கக் கூடாது. கயிற்றால்தான் இழுக்க வேண்டும்.

மூன்றாவது, பாரம். டெக்கில் வலையும் பெட்டியும் குவித்தால் படகின் எடை மேலே ஏறிவிடும். பக்கவாட்டில் தண்ணீர் வடியும் துளைகளை வலை அடைத்துக்கொள்ளும். அலை அடித்து ஏறிய தண்ணீர் இறங்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். படகு கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். வலை பாறையில் மாட்டிக்கொண்டால், வின்ச்சைப் போட்டு வலுவாக இழுத்துப் பார்ப்பதைவிட, கயிற்றை வெட்டி விடுவது மலிவு. கூர்மையான கத்தி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்கப் படகின் ஓரத்துக்குத் தனியாகப் போகிறவர், ஒரு ஆட்டத்தில் தவறி விழுந்துவிடுவார். இன்ஜின் சத்தத்தில் அவர் குரல் கேட்காது. விடிந்த பிறகுதான் ஆள் இல்லை என்றே தெரியும். ‘போறேன்’ என்று ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

பதிவும் கருவியும்

2008-ல் மும்பைத் தாக்குதல் நடத்தியவர்கள், இந்திய மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றித்தான் கரை வந்தார்கள். அதன்பிறகுதான் படகுப் பதிவும், மீனவர் அடையாள அட்டையும் நாடு முழுக்கக் கெடுபிடி ஆயின. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகில், அருகில் இருக்கும் கப்பல்களுக்குத் தன் இருப்பைத் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயமானதும் அதன் தொடர்ச்சிதான். பாதுகாப்புக்காக வந்த கெடுபிடி, தேடலுக்கும் உதவுகிறது. பதிவு எண் ‘ஐ.என்.டி.-டி.என்.’ என்று தொடங்கி, மாவட்ட எண், படகு வகை என்று வரும். விசைப்படகு என்றால் ‘எம்.எம்.’, மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு என்றால் ‘எம்.ஓ.’. படகு வாங்குகிறவர், பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணையும், படகில் எழுதியிருப்பதையும், இன்ஜின் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒகிக்குப் பிறகு மாறிய முக்கியமான விஷயம், தகவல் தொடர்பு. செயற்கைக்கோள் வழியாக இயங்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியை நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024-ல் தொடங்கியது. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பம் இது. கரையில் இருந்து புயல் எச்சரிக்கை படகுக்குப் போகும். படகில் இருந்து ஆபத்துச் செய்தி கரைக்கு வரும். செல்போன் எட்டாத தூரத்திலும் வேலை செய்யும். உங்கள் படகில் பொருத்தியிருந்தால், அதை அணைத்து வைக்காதீர்கள். ‘எங்கே மீன் கிடைக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்’ என்று அணைக்கிறவர், தன்னைத் தேடும் கண்ணை மூடுகிறார்.

தடைக்காலம்தான் சரியான நேரம்!

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குமரி மாவட்டத்தில் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தடைக்காலம், மேற்குப் பக்கத்துக்கு இன்னொன்று. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடிக்கும் காலம் இது. மீன்வளத்துறை அதிகாரிகள் படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் இப்போதுதான். அந்த ஆய்வுக்காக மட்டும் பக்கத்துப் படகில் இருந்து லைஃப் ஜாக்கெட் இரவல் வாங்கி அடுக்காதீர்கள். அதிகாரி போனதும் ஜாக்கெட்டும் போய்விடும். கடல் ஆய்வு செய்யும் நாளில் இரவல் கிடைக்காது.

படகு கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

* ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். கூடவே ஒன்றிரண்டு உபரி. பூட்டிய அறையில் அல்ல, டெக்கில் கைக்கெட்டும் இடத்தில்.
* கயிறு கட்டிய லைஃப் பாய் வளையம், இரவில் தெரியும் விளக்குடன்.
* வி.எச்.எஃப். ஒயர்லெஸ். அவசரத்துக்கு 16-வது சேனல். கிளம்பும் முன் பேசிப் பார்க்கவும்.
* டிரான்ஸ்பாண்டர் அல்லது ஆபத்து அறிவிப்புக் கருவி. பேட்டரி நிலையைப் பார்க்கவும்.
* ஜி.பி.எஸ்., காந்தத் திசைகாட்டி இரண்டும். கரன்ட் போனாலும் திசைகாட்டி வேலை செய்யும்.
* தீயணைப்பான்: இன்ஜின் அறை அருகே ஒன்று, அடுப்பு அருகே ஒன்று. காலாவதி தேதி முக்கியம்.
* தண்ணீர் இறைக்கும் பம்ப், அது பழுதானால் கைப்பம்ப்.
* முதலுதவிப் பெட்டி, கூடுதல் குடிநீர், டார்ச், தீப்பந்த சிக்னல்.
* கரையில் கொடுத்த ஆள் பட்டியல்.

கேள்வி-பதில்

கேள்வி: லைஃப் ஜாக்கெட் போட்டால் வலை இழுக்க முடியவில்லை, வியர்க்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உண்மைதான். தடித்த ஆரஞ்சு ஜாக்கெட், படகை விட்டு இறங்க வேண்டிய நிலைக்கானது. வேலை நேரத்துக்கென்று மெல்லிய, கையில்லாத மிதவைச் சட்டைகள் உண்டு. குறைந்தபட்சம் இரவு வேலை, மோசமான வானிலை, தனியாக டெக்கில் நிற்பது, முகத்துவாரம் கடப்பது ஆகிய நான்கு நேரங்களில் கட்டாயம் போட வேண்டும். நீச்சல் தெரியும் என்பது பதில் அல்ல. தலையில் அடிபட்டு விழுந்தவர் நீந்த மாட்டார்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. லீவில் போட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். 188-ம் உடன்படிக்கை பொதுவாக 16 வயதை அடிப்படையாக வைத்தாலும், ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது என்கிறது. நம் மீனவர் குழு விபத்துக் காப்பீட்டிலும் 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் இடம். அடிபட்டால் கேட்க வழி இருக்காது.

கேள்வி: அந்தக் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆனால், பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பங்குக்குப் போகும் தொழிலாளிகள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று உள்ளூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படகு சொன்ன நாளில் திரும்பவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும்?

பதில்: ‘நாளைக்கு வந்துவிடுவார்கள்’ என்று காத்திருக்க வேண்டாம். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டிலும் சொல்லுங்கள். மீன்வளத்துறைக்கும் சங்கத்துக்கும் தெரிவியுங்கள். அவர்கள் முதலில் கேட்பது: படகின் பதிவு எண், நிறம், கடைசியாகத் தொடர்பு கொண்ட நேரம், இடம், எத்தனை பேர், யார் யார். கரையில் அந்தத் தாள் இருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

கேள்வி: படகு கவிழ்ந்துவிட்டால்?

பதில்: படகு மிதக்கும்வரை அதை விட்டுப் போகாதீர்கள். கரை கிட்டத்தில் தெரிவதுபோல இருக்கும், ஆனால் தூரம். தேடி வருபவர் கண்ணுக்கு ஒற்றைத் தலையைவிடப் படகு எளிதில் தெரியும். எல்லோரும் ஒன்றாகக் கட்டிப்பிடித்து இருங்கள். கடல் நீரைக் குடிக்கவே கூடாது.

பையனை அனுப்பலாமா என்று கேட்டவருக்கு நாம் சொல்வது இதுதான்: முதல் நாள் துறைமுகத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று ஸ்ராங்கிடம் கேளுங்கள். நல்ல ஸ்ராங்கு கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார். பிறகு, பட்டியலில் பையன் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் பத்திரமாக வையுங்கள்.